குறி சொல்லுதல்

விசையை அழுத்திய பிறகு இலக்குப் பலகை கிடங்குக்குள் இறங்கி மறுபடி மேலே வரப் பத்துப் பதினைந்து வினாடி ஆகும். 2007 ஜூலையில் ஒரு பின்னேரம் அந்தப் பத்துப் பதினைந்து வினாடிக்குள் நான் ஒரு பொய் சொன்னேன். நீளமான பொய் இல்லை. "சரி" என்று ஒரே சொல்.

அது ஏன் பொய், அதனால் என்ன கெட்டது என்று விளங்க முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும். லண்டனுக்குத் தென்மேற்கே, வோக்கிங் பட்டணத்துக்குப் பக்கத்தில், பிஸ்லி என்று ஓர் ஊர். மணல் தரை, பைன் மரங்கள், ஊதாப் பூப்பூக்கும் புதர்கள். நடுவில் மரத்தாலான, விறாந்தை வைத்த பழைய கழகக் கட்டடங்கள். நுவரெலியாவில் வெள்ளைக்காரர் விட்டுப்போன பங்களாக்களைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் சாயல் உடனே பிடிபடும். பிரித்தானிய தேசிய ரைபிள் சங்கம் 1890 இல் இங்கே வந்தது. அதற்கு முன் 30 வருடம் விம்பிள்டனில் இருந்தது. ஆம், டென்னிஸ் நடக்கிற அதே விம்பிள்டன்தான். அங்கே 1860 ஜூலை 2 ஆம் திகதி முதல் போட்டியின் முதல் வெடியைத் தீர்த்தவர் விக்டோரியா மகாராணி. 400 யார் தூரம். ஜோசப் விட்வொர்த் செய்த ரைபிளை ஒரு தாங்கியில் அசையாமல் இறுக்கி, விசையில் பட்டுக்கயிறு கட்டியிருந்தார்கள். மகாராணி கயிற்றை இழுத்தார். சன்னம் நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் பட்டது. குறி வைத்தது ஒருவர், இழுத்தது இன்னொருவர். கழகத்தில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அணிப் போட்டியில் நாங்கள் செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

தூரச் சூடு என்றால் சினிமா பார்த்தவர்களுக்கு ஒரு படம் மனதில் வரும்: துவக்குக்கு மேலே தொலைநோக்கி, கீழே இரண்டு கால். அப்படிச் சுடுகிற பிரிவும் உண்டு. எங்களுடையது பழைய முறை. குப்புறப் படுக்க வேண்டும். துவக்கைத் தாங்குவது இடது கையும் அந்தக் கையில் இறுக்கிய தோல்வாரும் மட்டுந்தான். கண்ணுக்கு முன்னால் ஒரு சின்னத் துளை, குழலின் நுனியில் ஒரு வளையம். துளைக்குள் வளையத்தையும் வளையத்துக்குள் இலக்கின் கறுப்பு வட்டத்தையும் நடுவாக வைக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு ரவைதான் போடலாம். 1000 யார், அதாவது 914 மீற்றர் தூரத்தில், அந்தக் கறுப்பு வட்டம் கையை நீட்டிப் பிடித்த கடுகில் பாதிதான் தெரியும்.

அந்தக் கடுகை நடுவில் வைப்பது கடினம் என்று நினைப்பீர்கள். இரண்டு வருடம் ஒழுங்காகப் போய்ப் படுத்தால் யாருக்கும் வந்துவிடும். மூச்சை எங்கே விடுவது, முழங்கையை எங்கே ஊன்றுவது என்பதெல்லாம் சைக்கிள் மாதிரி, உடம்பு பழகிக்கொள்ளும். பழகவே பழகாதது காற்று.

எங்கள் சன்னம் 7.62 மில்லிமீற்றர், பத்துக் கிராம் எடை. வினாடிக்கு 900 மீற்றர் வேகத்தில் புறப்பட்டு, வழியில் பத்துப் பன்னிரண்டு அடி உயரத்துக்கு வளைந்து ஏறி, ஒன்றரை வினாடிக்குச் சற்று மேல் எடுத்து 1000 யாரைக் கடக்கும். குறுக்கே மணிக்கு 10 மைல் வேகத்தில் காற்று அடித்தால் அதற்குள் ஏழெட்டு அடி தள்ளிவிடும். 'புல்' என்று நாங்கள் சொல்கிற நடு வட்டத்தின் அகலமோ இரண்டே அடி. அதற்கு 5 புள்ளி. அதற்குள் இன்னொரு சின்ன வட்டம், 'வீ-புல்'. அதற்கும் 5 தான், ஆனால் இருவர் சமமாக முடித்தால் யாருக்கு வீ கூட என்று பார்ப்பார்கள். காற்றை மணிக்கு ஒன்றரை மைல் பிழையாகக் கணித்தால் நடுவில் போக வேண்டியது புல்லுக்கு வெளியே போய்விடும். மணிக்கு ஒன்றரை மைல் என்பது என்ன? கன்னத்தில் பட்டால் தெரியாது. வேப்பிலை கூட அசையாது.

எனக்கு இந்த விளையாட்டில் ஆசை வந்ததற்குக் காரணமே காற்றுத்தான், துவக்கு அல்ல. நான் வல்வெட்டித்துறைக்குப் பக்கத்தில், கடற்கரையோடு வளர்ந்தவன். எங்களுக்குக் காற்றுக்குத் திசை சொல்லத் தேவையில்லை, பெயர் சொன்னால் போதும்: வாடை, சோளகம், கச்சான், கொண்டல். வாடை தொடங்கினால் பட்டக் காலம். மூங்கில் சீவி, முச்சை கட்டி, விண் பூட்டி ஏற்றினால், நூலைக் கையில் பிடித்திராதவனுக்கும் பட்டத்துக்கு எவ்வளவு காற்று கிடைக்கிறது என்பது விண் கூவுகிற சத்தத்தில் தெரியும். சத்தம் தணிந்தால் நூலை இழு, கீச்சிட்டால் விடு. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 2003 இல் வேலையிடத்து நண்பர் ஒருவர் விருந்தாளி நாள் என்று பிஸ்லிக்குக் கூட்டிப்போனபோது, வரிசையாகப் படுத்திருந்த ஆட்களை நான் பார்க்கவில்லை. ஸ்டிக்கிள்டவுன் என்ற அந்த நீளக் களத்தின் இரு பக்கத்திலும் நின்ற கொடிகளைத்தான் பார்த்தேன். முன்னால் இருந்த கொடி வலப்பக்கம் அடித்தது. தூரத்துக் கொடி சோர்ந்து கிடந்தது. நடுவில் இருந்தது இரண்டுக்கும் நடுவே தடுமாறியது. மூன்று பட்டத்தை ஒரே நூலில் விட்டது மாதிரி இருந்தது. அங்கேயே அகப்பட்டுவிட்டேன்.

அனுமதி கிடைப்பது லேசில்லை. கழகத்தில் குறைந்தது மூன்று மாதம் பரீட்சார்த்த உறுப்பினராகப் போய்வர வேண்டும். பிறகு பொலிசுக்கு விண்ணப்பம், இரண்டு பேரின் நற்சான்று, சுவரில் ஆணி அடித்துப் பூட்டிய இரும்பு அலமாரி. அதைப் பார்க்க வீட்டுக்கு ஓர் அதிகாரி வருவார். அவர் வந்த நாளில் அம்மா என்னோடுதான் இருந்தா. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தா. அவர் போனதும் குசினி வாசலில் நின்று, "துவக்குச் சத்தம் கேளாத இடமெண்டுதானே உன்னை அனுப்பினனான்" என்று மட்டும் சொன்னா. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் நல்ல பதில் இல்லை.

அம்மா சொன்னதன் முழுக் கருத்து எனக்கு விளங்கியது வேறோர் இடத்தில், இலக்குக்குக் கீழே உள்ள கிடங்கில். சுடுகிறவர்கள் முறை வைத்து அங்கே போய் வேலை செய்ய வேண்டும். ஆளுயரச் சுவருக்குப் பின்னால் நின்று, சன்னம் பட்டதும் பலகையை இறக்கி, பழைய ஓட்டையில் காகிதம் ஒட்டி, புதிய ஓட்டையில் ஒரு வட்டு செருகி, மறுபடி ஏற்ற வேண்டும். எத்தனை புள்ளி என்பதைப் பலகையின் ஓரத்தில் ஓர் அடையாளம் காட்டும். சன்னம் ஒலியை விட வேகமாக வருவதால், தலைக்கு மேலே முதலில் சாட்டை அடித்தது போல ஒரு வெடிப்பு. ஒரு வினாடிக்குப் பிறகு, தூரத்திலிருந்து 'தொம்' என்று துவக்கின் சத்தம். முதல் வெடிப்புக்கே நான் மண்ணில் குந்திவிட்டேன். பக்கத்தில் நின்ற பெடியன் சிரித்தான். கிடங்கு வேலைக்குச் சம்பளத்துக்கு வருகிற மாணவன் அவன், அவனுக்கு என்ன தெரியும். ஊரில் எண்பதுகளில் அந்த இரண்டு சத்தத்துக்கும் இடைவெளியை எண்ணித்தான் முகாமிலிருந்து சுடுகிறானா, சந்தியிலிருந்து சுடுகிறானா என்று கணக்குப் பண்ணுவோம். அன்று எழும்பி நின்று பலகையை இறக்க எனக்கு நேரம் எடுத்தது. பலகை மேலே வரச் சுணங்கியதற்கு மேலே படுத்திருந்தவர் யாரோ எரிச்சல் பட்டிருப்பார்.

திரும்பப் போனேன். ஏன் என்று கேட்டால், கொடிகள் என்றுதான் சொல்வேன்.

பிஸ்லியின் பெரிய பரிசு மன்னர் பரிசு. அரியணையில் அரசி இருந்த காலத்தில் அதுவே மகாராணி பரிசு. 300, 500, 600 யாரில் இரண்டு சுற்று. இரண்டாவது சுற்று முடிய மிஞ்சுகிற நூறு பேர் 900 யாரிலும் 1000 யாரிலும் பதினைந்து பதினைந்து வெடி சுடுவார்கள். வென்றவரைக் கதிரையில் இருத்தித் தோளில் தூக்கிப் போவார்கள். ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில், ஒரே கணக்கில் சுடுகிற போட்டி. 1930 இல் மார்ஜரி ஃபொஸ்டர் அதை வென்ற முதல் பெண் ஆனார். நான் ஒருக்காலும் அந்த நூறு பேருக்குள் வந்ததில்லை. ஆகவே வெற்றியைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்லத் தெரிந்தது அணிச் சூடு. தனிப் போட்டியில் காற்றைக் கணிப்பதும் சுடுவதும் ஒருவர். அணியில் அப்படியில்லை. சுடுகிறவருக்குப் பக்கத்தில், தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, கோச் ஒருவர் இருப்பார். அவர் கொடியைப் பார்ப்பார், மரத்தைப் பார்ப்பார், எல்லாவற்றையும் விடக் கானலைப் பார்ப்பார். வெயில் நாளில் தொலைநோக்கியின் கூர்மையை இலக்குக்குக் கொஞ்சம் முன்னாலே வைத்தால், சூடேறிய காற்று ஆறு போல ஓடுவது தெரியும். வலமிருந்து இடம் ஓடுகிறதா, எவ்வளவு விரைவு, எவ்வளவு சாய்வு என்று பார்த்து, கையை நீட்டி, சுடுகிறவருடைய துவக்கில் பின் துளையைப் பக்கவாட்டில் நகர்த்துகிற திருகியை அவரே திருகுவார். 'மினிற்' கணக்கில் திருகுவார். மணிக்கூட்டு மினிற் இல்லை, ஒரு பாகையில் 60 இல் ஒரு பங்கு. 1000 யாரில் ஒரு மினிற் பத்தரை அங்குலம். பிறகு "போ" என்பார். சுடுகிறவர் காற்றைப் பற்றி நினைக்கவே கூடாது. கயிற்றை இழுத்த விக்டோரியா மாதிரி.

ஆனால் விக்டோரியாவுக்கு இல்லாத ஒரு வேலை அவருக்கு உண்டு. வெடித்த கணத்தில் வளையம் எங்கே நின்றது என்பதைப் பலகை மேலே வருமுன் வாயால் சொல்ல வேண்டும். "சரி" என்றால் நடுவில் நின்றது. "வலம், அரை" என்றால் வலப்பக்கம் அரை மினிற் விலகியது. ஏன் முன்கூட்டியே? பலகை மேலே வரும்போது வட்டு வலப்பக்கம் இருந்தால் அதற்குக் காரணம் இரண்டில் ஒன்று: காற்று தள்ளியது, அல்லது சுட்டவர் விசையைப் பிடுங்கினார். எது என்று கோச்சுக்குத் தெரிய இந்த ஒரு சொல்லைத் தவிர வேறு வழி கிடையாது. பலகையைப் பார்த்த பிறகு சொன்னால் அது சாட்சி இல்லை, சாட்டு.

தமிழில் இதற்கு நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. குறி பார்க்கிறோம். பிறகு குறி சொல்கிறோம். கோயில் வீதியில் குறி சொல்கிறவர் நடக்கப் போவதைச் சொல்வார், நாங்கள் நடந்து முடிந்ததைச் சொல்கிறோம். பிழைக்கிற வாய்ப்பு அவருக்குத்தான் கூட.

இனி 2007. 1000 யாரில் ஒரு கழக அணிப் போட்டி. எனக்குக் கோச்சாக இருந்தவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற கிழவர். கதைப்பது குறைவு. ஆறு வெடி புல்லுக்குள். ஏழாவதுக்கு அவர் நெடுநேரம் காத்திருக்கச் சொல்லி, திடீரென்று "போ" என்றார். தோள் களைத்திருந்தது. விசையை அழுத்தாமல் பிடுங்கினேன். வளையம் வலப்பக்கம் ஓடியதைக் கண் கண்டது. வாய் "சரி" என்றது.

பலகை வந்தது. வலப்பக்கம் 4. கிழவர் என் சொல்லை நம்பி, காற்று மாறிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, ஒன்றரை மினிற் இடப்பக்கம் திருகினார். எட்டாவதை நான் வடிவாகச் சுட்டேன். உண்மையாகவே "சரி" என்றேன். பலகை வந்தது. இடப்பக்கம் 4. அவர் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முந்தினது?" என்றார். "பிடுங்கினேன்" என்றேன். திருகிய அளவை அப்படியே திரும்பத் திருகினார். மிச்சம் எல்லாம் புல். அந்த இரண்டு புள்ளியால் நாங்கள் தோற்கவில்லை, ஏழு புள்ளியால் தோற்றோம். ஆனாலும் எனக்குப் பின்னால் சுட்ட மூன்று பேருக்கு அவர் காற்றைக் கணித்தபோது, அந்த ஏழாவது வெடி அவர் தலைக்குள் இல்லாத ஒரு காற்றாக அடித்துக்கொண்டிருந்திருக்கும்.

தேத்தண்ணி நேரத்தில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "இனி உன்னுடைய 'சரி'யை நான் எவ்வளவு காலம் நம்பாமல் இருக்க வேண்டும்?" ஒரு வருடம் என்றேன். அவர் இரண்டு வருடம் எடுத்துக்கொண்டார்.

ஏன் பொய் சொன்னேன் என்று பிறகு நிறைய யோசித்தேன். வெல்வதற்காக இல்லை. பொய் சொன்னால் புள்ளி கூடாது. பிழை விட்டதைச் சத்தமாக, பத்துப் பேர் கேட்க, அந்தக் கணமே சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. நான் படித்த காலத்து வகுப்பில் "பிழை விட்டிட்டன் சேர்" என்று முந்திச் சொன்னவனுக்குத்தான் முதல் அடி. அகப்படும் வரை பொறுத்திருந்தவனுக்கு அதே அடி பிந்தி விழும், சில நாள் விழாமலும் போகும். இதில் கற்றது முப்பது வருடம் கழித்து, இன்னொரு நாட்டில், குப்புறப் படுத்திருக்கும்போது வாயில் வந்தது.

இதைவிடப் பெரிய பிழைகள் இந்த விளையாட்டில் உண்டு. பக்கத்து இலக்கைச் சுடுவது ஒன்று. ஸ்டிக்கிள்டவுனில் ஐம்பது இலக்குகள் வரிசையாக நிற்கும். வளையத்துக்குள் தெரிகிற கறுப்பு வட்டத்தில் எண் இருக்காது. காற்றுக்காகக் காத்துக் கண் களைத்து மறுபடி பார்க்கும்போது ஒன்று தள்ளிப் பார்த்துவிட்டால், எவ்வளவு வடிவாகச் சுட்டாலும் உங்களுக்குப் பூச்சியம். எனக்கு இரண்டு தரம் நடந்தது. 1874 இல் நியூயோர்க்குக்குப் பக்கத்தில் கிரீட்மூரில் அயர்லாந்தும் அமெரிக்காவும் மோதிய புகழ்பெற்ற போட்டியில் அயர்லாந்தின் மில்னர் இதையே செய்தார். அவருடைய சன்னம் நடு வட்டத்தில்தான் பட்டது, பிழையான இலக்கின் நடு வட்டத்தில். அன்றைய கணக்கில் அதற்கு 4 புள்ளி. அமெரிக்கா 934, அயர்லாந்து 931. மூன்று புள்ளி. அந்தப் போட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கடைசி வெடியைச் சுட்ட அமெரிக்கர் போடினைப் பற்றித்தான் எழுதுவார்கள். சோடாப் போத்தல் வெடித்துக் கை கிழிந்து, இரத்தத்தோடு சுட்டு வென்றவர். நான் மில்னரை நினைப்பேன்.

கண் மங்கத் தொடங்கியதும் நான் கோச் பக்கம் மாறினேன். பத்து வருடத்துக்கு மேலாகிறது. இப்போது பொய் சொல்லும் வாய்ப்பு எனக்கு வேறு விதமாக வருகிறது. எல்லாவற்றிலும் மோசமான காற்று முகத்துக்கு நேரே அடிப்பது. கொடிகள் எங்களைப் பார்த்து நீட்டி நின்று, மாட்டு வாலைப் போல இரண்டு பக்கமும் ஆடும். கானல் பக்கவாட்டில் ஓடுவதை விட்டு நேரே மேலெழும்பும். கானல் கொதிக்கிறது என்போம். அந்தக் கணம் காற்று இல்லை என்று தோன்றும். பெரும்பாலும் அது ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாறுகிற சந்தி. அதில் ஆளை "போ" என்று அனுப்பி, ஒன்றரை வினாடிக்குள் காற்று மறுபக்கம் புரண்டு, நல்ல வெடி ஒன்று 3 க்குப் போனதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். சுட்டவர் "சரி" என்று சொல்லியிருப்பார். நான் "என்னுடையது" என்று சொல்ல வேண்டும், உடனே, அவர் தன் தோளையும் விரலையும் சந்தேகப்படத் தொடங்குமுன். சில நாள் அந்தச் சொல் தொண்டையில் ஒரு வினாடி நிற்கும். நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அம்மாவை ஒரு ஜூலையில் பிஸ்லிக்குக் கூட்டிப்போனேன். விறாந்தைக் கதிரையில் காதடைப்பானோடு அரை நாள் இருந்தா. படுத்திருந்தவர்களில் எத்தனை பேர் பொம்பிளைகள் என்று எண்ணினா. வெளிக்கிடும்போது, "உந்தக் கொடியளை ஆர் தோய்க்கிறது? ஒரே ஊத்தை" என்றா. துவக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாளும் சொல்லவில்லை.

இப்போது மின்னணு இலக்குகள் வந்துவிட்டன. பலகையின் ஓரங்களில் உள்ள ஒலிவாங்கிகள் சன்னம் கடக்கும் சத்தத்தைப் பிடித்து, எங்கே பட்டது என்று கணித்து, சுடுகிறவர் பக்கத்தில் உள்ள திரையில் உடனே புள்ளி போடும். கிடங்கில் ஆள் வேண்டாம், வட்டு வேண்டாம், காகிதம் ஒட்ட வேண்டாம். வேலை மிச்சம், நேரம் மிச்சம். குந்தியிருக்க வேண்டிய ஒருவன் குந்த வேண்டாம் என்பதில் எனக்கு இரட்டைச் சந்தோசம். ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து வினாடி போய்விட்டது. புதிதாக வருகிற பிள்ளைகள் வெடித்ததும் திரையைப் பார்க்கிறார்கள், புள்ளியைப் பார்த்துவிட்டு "கொஞ்சம் வலம் பிடுங்கிற்றன்" என்கிறார்கள். பொய் சொல்வதில்லை, அவர்களுக்கு உண்மையாகவே தெரியாது. கண் கண்டதைத் திரை அழித்துவிடுகிறது.

எங்கள் அணியில் திரையைக் கோச் பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம். குறி சொன்ன பிறகுதான் காட்டுவோம்.